உப்பிலாக் கீரையும் அரிசி அட்டையும்

(கூனிமேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கரையை ஒட்டிய பொருளையே பேச வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பொருளியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். ஆகவே காசைப் பற்றிப் பேசுகிறேன். பெரிய காசு இல்லை. 2020 ஏப்ரலில் ரேஷன் கடையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கைக்கு வந்த ஆயிரம் ரூபாய்தான் என் பொருள். பெருந்தொற்றில் அரசு கொடுத்தது என்ன, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குத் தவறியது, ஏன் என்பதுதான் கேள்வி.

1. எயிற்பட்டினத்து வழி

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினம் அந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வந்தவன், இன்னும் பெறாதவனுக்கு வழி சொல்கிறான். அந்த வழி எயிற்பட்டினத்தைத் தொட்டுப் போகிறது. எங்கே போனால் கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும், வழியில் என்ன உண்ணலாம் என்று பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்வதுதான் ஆற்றுப்படை. நிவாரணம் பற்றிய தகவலுக்கு இவ்வளவு பழைய இலக்கிய வடிவம் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

அந்தப் பாட்டில் ஓர் அடுக்களை வருகிறது. பசியால் வாடிய வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அதைப் பிறர் கண்டுவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கரைக்கு வழி சொல்கிற பாட்டில் வறுமையின் அடையாளம் உப்பில்லாத கீரை! எனக்கு அந்த உப்பைவிட அந்தக் கதவு முக்கியம். இல்லாமை தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறது. நீ ஏழை என்று நிரூபித்தால்தான் தருவேன் என்கிற எந்தத் திட்டமும் முதலில் அந்தக் கதவைத்தான் திறக்கச் சொல்கிறது.

ஆகவே ஓர் உதவித் திட்டத்திடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வழி சொல்கிறதா? கதவைத் திறக்கச் சொல்லாமல் கொடுக்கிறதா?

2. நாளால் வகுத்துப் பாருங்கள்

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. முதலில் 21 நாள் என்றார்கள். நீண்டு நீண்டு மே 31 வரை 68 நாள் ஆயிற்று.

அதே மார்ச் 24 அன்று சட்டமன்றத்தில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ரூ.3,280 கோடித் திட்டத்தை அறிவித்தார். அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் ரூ.1,000, ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல், கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் நல வாரியங்களில் பதிந்தவர்களுக்குத் தனியே ரூ.1,000. இரண்டு நாள் கழித்து மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ரூ.1.70 லட்சம் கோடித் திட்டத்தை அறிவித்தார். தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியம், பெண்களின் ஜன் தன் கணக்கில் மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதம், நூறு நாள் வேலையின் கூலி உயர்வு ஆகியவை அதில் இருந்தன. தமிழ்நாட்டில் அந்தக் கூலி ரூ.229-இலிருந்து ரூ.256 ஆனது. வேலையே நடக்காத நாளில் கூலி உயர்ந்தது.

2021-இல் இரண்டாம் அலை. மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று 2.07 கோடி அரிசி அட்டைகளுக்குத் தலா ரூ.4,000 என்பது. மே மாதம் ரூ.2,000, ஜூனில் ரூ.2,000. இரண்டாம் தவணையோடு 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய பையும் வந்தது.

கோடிக் கணக்கைக் கேட்டால் மலைப்பு வரும். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு வித்தைதான்: தொகையை நாளால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாயை 68 நாளால் வகுத்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ரூ.15-க்கும் குறைவு. ஜன் தன் ஐந்நூறு, நாளுக்குப் பதினாறு, பதினேழு ரூபாய். அரசே நிர்ணயித்த நூறு நாள் கூலிப்படி பார்த்தால் ஆயிரம் ரூபாய் நான்கு நாள் கூலிகூட இல்லை. அடுத்த ஆண்டு கூலி ரூ.273, அந்த நாலாயிரம் ஏறக்குறைய பதினைந்து நாள் கூலி. மே, ஜூன் என்று 61 நாளுக்குப் பரப்பினால் தினம் அறுபத்தைந்து ரூபாய். முதல் ஆண்டைவிட நான்கு மடங்குக்கு மேல் என்றாலும், அடுப்பு எரியப் போதுமா என்று இங்கிருக்கும் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும்.

இது அளவு பற்றிய குறை. ஆனால் அந்தச் சின்னத் தொகை எவ்வளவு விரைவாக, எந்த வழியாகக் கைக்கு வந்தது என்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது.

3. கடை வாசல்

குடும்பக் காரியமாக இந்த ஊருக்கு வந்தவன் ஊரடங்கில் மாட்டிக்கொண்டேன். எழுதத் தெரிந்த ஆள் என்று டோக்கன் எழுதக் கூப்பிட்டார்கள், போனேன். கடை வாசலிலிருந்து சாலைவரை சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கே எல்லா வட்டத்திலும் இடம் பிடித்தாயிற்று. ஆனால் வட்டத்தில் ஆள் இல்லை. ஒன்றில் ரப்பர் செருப்பு, ஒன்றில் மஞ்சள் பை, ஒன்றில் மடித்த குடை, ஒன்றில் ஒரு செங்கல். ஆட்களெல்லாம் எதிரே வேப்பமர நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்! செருப்புகள்தான் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றன.

ஆனால் யாரும் மனு எழுதவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. அட்டையைக் காட்டினார்கள், கடைக்காரர் பெயரைப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டுக் கதவைத் திறந்து உப்பில்லாத கீரையைக் காட்ட வேண்டிய நிலை அந்த வரிசையில் ஒருவருக்கும் வரவில்லை.

அது அன்று காலை முளைத்த ஏற்பாடு இல்லை. 1997-இல் நாடு முழுக்க ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் அட்டை, அரிசி வேண்டுமென்றவருக்கு அரிசி அட்டை என்று வைத்திருந்தது. வசதியுள்ளவனுக்கும் எதற்கு அரிசி என்று பொருளியல் படித்த எங்களில் பலர் வகுப்பறையில் கேலி செய்தோம். நானும் செய்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் அந்தக் கேலிக்குப் பதில் கிடைத்தது. பொங்கலுக்குப் பொங்கல் பையும் பணமும் கொடுத்துப் பழகிய கடை, அதே கையால் தொற்றுக்காலப் பணத்தையும் கொடுத்துவிட்டது.

மத்திய அரசின் ஐந்நூறு வங்கிக் கணக்குக்குப் போயிற்று. அது திருட்டுப் போகாது, இடையில் ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் எடுக்கப் பேருந்து இல்லை. கணக்கு உண்டா, அது உயிரோடு இருக்கிறதா, எந்தக் கணக்கில் விழுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே ஓர் ஆற்றுப்படை வேண்டியிருந்தது.

உலகம் முழுக்க இதே கதைதான். பிரிட்டன் வேலையை இழக்காமல், வேலை நின்று வீட்டிலிருந்தவர்களின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, தானே ஏற்றது. சம்பளப் பட்டியல் இருக்கிற நாடு, அதால் முடிந்தது. உப்பளத்தில் ஏது சம்பளச் சீட்டு? மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன நாடான டோகோ கையிலிருந்த வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு 2020 ஏப்ரலிலேயே கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக. பணக்கார நாடு, ஏழை நாடு என்பது இரண்டாம் கேள்வி. யாரிடம் ஏற்கெனவே எழுதிய பட்டியல் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரல் 25-இல் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. நோன்புக் கஞ்சிக்காக ஆண்டுதோறும் கொடுக்கும் பச்சரிசியை அரசு நிறுத்தவில்லை: 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன். கஞ்சி காய்ச்சிக் கூட்டம் கூட்டாமல், அரிசியை வீடு வீடாகக் கொடுத்துவிடச் சொன்னார்கள். பழகிய வழி இருந்ததால் புதிய நாளுக்கு அதைத் திருப்பிவிட முடிந்தது.

4. வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

இனி கசப்பான பகுதி. அன்று வரிசையில் சேராமல் சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தார். இடுப்பில் குழந்தை. என்னம்மா என்று கேட்டேன்.

"கார்டு மாமியா ஊட்டுல இருக்குது சார். அங்க எட்டுப் பேரு. நாங்க பிரிஞ்சி வந்து ரெண்டு வருசம் ஆவுது. அந்த ஆயிரத்துல எங்களுக்கு எங்கருந்து குடுப்பாங்க?"

"தனி கார்டுக்கு எழுதிப் போட்டீங்களாம்மா?"

"போட்டோம் சார். வாடகை ஊட்டுக்கு அத்தாட்சி கேக்கறாங்க."

அவருக்குக் கொடுக்க என்னிடம் டோக்கன் இல்லை. ஆயிரம் ரூபாய் அட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் ஆயிரம், எட்டுப் பேர் வீட்டுக்கும் ஆயிரம், அட்டையில்லாத மூன்று பேர் வீட்டுக்குச் சுழியம். பட்டியல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அருள். அதன் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே திடீரென்று ஒன்றுமே இல்லை.

நல வாரியங்களும் அப்படித்தான். 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நம் மாநிலத்தின் பெருமை. ஆனால் பதிந்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தவருக்குத்தான் வாரியப் பணம். புதுப்பிக்க மறந்தவர் அதே வெயிலில் அதே பாத்தியில் உப்பு வாரினாலும் கணக்கில் தொழிலாளி இல்லை.

பின்னர் ரேஷன் கடைக்கு விரல்ரேகைக் கருவி வந்தது. ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறி, வாருபலகைக் கட்டையில் தேய்ந்த விரலை அதில் வைத்தால் அது ஏற்க மறுக்கிறது. துடைத்து வைக்கிறார், மறுபடி மறுக்கிறது. வேறு விரல், வேறு கை. வேலை செய்ததன் அடையாளம் ஆளின் அடையாளத்தை அழித்துவிடுகிறது. மாற்று வழிகள் உண்டு. ஆனால் பின்னால் நிற்பவர்கள் முன்னால் அந்த இரண்டு நிமிடம் நிற்பது இருக்கிறதே, சாத்திய கதவைத் தட்டுவது மாதிரிதான்.

மீனவர் குப்பத்துக்கு வந்த உதவி வேறு வகை. 2020 மார்ச் 25 முதல் கடலுக்குப் போக முடியவில்லை. ஏப்ரல் 15-இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கிழக்குக் கரைக்கு ஜூன் 14 வரை 61 நாள். அந்த ஆண்டு மட்டும் மத்திய அரசு தடையை மே 31-உடன் முடித்து 47 நாளாக்கியது. பதினான்கு நாள் கடல் திரும்பக் கிடைத்தது. பணமாக வராமல் நாளாக வந்த நிவாரணம் அது. கையேந்த வேண்டாம், வரிசை வேண்டாம். தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் நாளைத் திருப்பிக் கொடுப்பதைப்போல மரியாதையான உதவி வேறில்லை. மீன்குஞ்சுக்கு அந்த நாள் தேவை என்பதும் உண்மை; ஆகவே அதை ஆண்டுதோறும் செய்ய முடியாது.

கடன் கதை இன்னும் சிக்கல். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தது. ஊரில் பலர் காதில் அது தள்ளுபடி என்று விழுந்தது. தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச் 23 தீர்ப்பில் அந்தக் காலத்துக்குக் கூட்டுவட்டி வாங்கக் கூடாது என்றானது. சாதாரண வட்டியைத் தள்ளச் சொல்லவில்லை. குழுக் கடன் வாங்கிய பெண்ணுக்கு இதையெல்லாம் அன்று யார் வந்து சொன்னார்கள்? பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் பழக்கம் இங்கேதான் அறுந்தது.

மதுவைப் பேசாமல் போனால் தாய்மார்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2020 மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது, மறுநாள் மறுபடி திறந்தது. ஒரு கையால் அரிசிக் கடையில் கொடுத்ததை மறு கையால் வேறொரு கடையில் வாங்கிக்கொண்டால் பேரேட்டில் என்ன மிஞ்சும்? நாளால் வகுக்கும் முன்பே கழித்துக்கொள்ள வேண்டிய தொகை அது.

5. கால்வாய் முனை

இந்தக் கரைக்கு நிவாரணம் புதிதில்லை. மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதன் சென்னைப் பகுதியில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன பஞ்சம். அப்போது நிவாரணம் என்றால் வேலை. பசித்தவன் மண் வெட்டினால்தான் கூலி. அந்தக் கூலியையும் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். இந்தச் சோற்றில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கூலியைக் குறைத்ததற்கு அரசு சொன்ன நியாயம் சிக்கனம்.

பஞ்சத்தின் வடு ஆறும் முன்பே, 1878-இல், சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவிலிருந்து இரண்டு ரூபாய் எட்டணாவாக ஏறியது. கீரைக்கு உப்பில்லை என்பது சங்க காலத்தில் வறுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சட்டம்.

அந்தக் கால்வாய்க்கும் ரேஷன் கடைச் சுண்ணாம்பு வட்டத்துக்கும் இடையே நூற்று நாற்பது ஆண்டுகள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நாம் முன்னேறித்தான் இருக்கிறோம். டெம்பிள் பசித்தவனைச் சோதித்தார். 2020-இன் கடைக்காரர் அட்டையை மட்டும் பார்த்தார்.

6. மழைமாத வேலை

பெருந்தொற்றுக்குப் பிறகு இரண்டு மாற்றம் நடந்தது. ஒன்று, உப்பளத்துக்கு நேராக வந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் பாத்தி மூழ்கிக் கிடக்கும்போது வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 என்று மாநில அரசு 2021-இல் அறிவித்து அடுத்த ஆண்டு கொடுக்கத் தொடங்கியது. மீனவருக்குத் தடைக்கால உதவி வெகுகாலமாக உண்டு. 2023-இல் அது ரூ.5,000-இலிருந்து ரூ.8,000 என்று அறிவிக்கப்பட்டது. உப்பளத்துக்கும் ஒரு வேலையில்லாக் காலம் உண்டு என்று அரசின் ஏட்டில் ஏற இத்தனை நாள் ஆயிற்று. நாளால் வகுத்தால் ஐம்பத்து நான்கு ரூபாய்தான். ஆனால் இது புயலுக்கோ நோய்க்கோ காத்திருந்து வருவதில்லை. மழை மாதம் வந்தால் வரும்.

இரண்டாவது, 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதந்தோறும் ஆயிரம் ரூபாய். 2020-இல் ஒரே ஒரு முறை வந்த அதே ஆயிரம். அன்று அதன் பெயர் நிவாரணம், இன்று அதன் பெயர் உரிமை. பெயர் மாறினால் நிற்கும் விதம் மாறுகிறது: நிவாரணம் வராவிட்டால் பெருமூச்சு விடுவோம், உரிமை வராவிட்டால் ஏன் என்று கேட்போம். ஆனாலும் எச்சரிக்கை ஒன்று உண்டு. உரிமைத் தொகை எல்லோருக்கும் இல்லை. தகுதி பார்த்து, மனு வாங்கிக் கொடுப்பது. கதவை மறுபடி பாதி திறக்கச் சொல்கிறது.

ஆபத்தோ ஓய்வதில்லை. தொற்று ஆண்டிலேயே, 2020 நவம்பர் 25 இரவில், நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். அதற்குப் பின் விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரூ.2,000 வந்தது. எந்த வழியாக? அதே ரேஷன் அட்டை வழியாக. அடுத்ததும் அதன் வழியாகத்தான் வரும். அந்த நாளில் புதிதாகப் பெயர் எழுத நேரமிருக்காது.

உப்பள வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறிய பிறகு பாத்தி மிதிக்கிறவன் உண்டா? மழை விட்டதும் சேற்றை வழித்து, மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி வைத்தால்தான் பிறகு தண்ணீர் கட்டி உப்பு எடுக்க முடியும். பட்டியலும் அப்படித்தான்.

ஆகவே பின்வரிசை இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் அக்டோபரில் பாத்தியில் தண்ணீர் நிற்கும், படகும் பல நாள் கரையில் கிடக்கும். அந்த நாளில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தெருத்தெருவாகப் போங்கள். யாருக்கு அட்டை இல்லை, யாருடைய பெயர் மாமியார் வீட்டு அட்டையில் இருக்கிறது, யாருடைய வாரியப் பதிவு காலாவதியாகிவிட்டது, யாருடைய விரலைக் கருவி ஏற்கவில்லை என்ற நான்கே கேள்விகள். யாரிடமும் வருமானம் கேட்காதீர்கள். அடுக்களையை எட்டிப் பார்க்காதீர்கள். எழுதியதைத் தாலுகா அலுவலகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் எடுத்துப் போங்கள், கிடைக்கும்வரை போங்கள்.

சுவரோரம் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணின் பெயரை நான் அன்று கேட்கவில்லை. டோக்கன் நோட்டில் எழுத இடமில்லாத பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன். உங்கள் நோட்டின் முதல் வரியில் அவர் பெயர் இருக்க வேண்டும்.